தவறி இணைந்த கடிதம்

முதுகலை ஆய்வுக்காக, ஆசிரியையான நானும் பாண்டிருப்பு ஆசிரியை ஒருவரும் கட்டுரை விவரங்களைப் பதிந்து கோப்புகளை இணைத்து வைக்கும் மேற்கோள் மென்பொருளில் ஒரே சேகரிப்பைப் பகிர்ந்திருந்தோம். மருதமுனையில் என் வீட்டில் கைக்குழந்தை. என் பதிவுகளில் பாதிக்கு உரிய கட்டுரைக் கோப்பை இணைக்கவே நேரமில்லை. மனமுடைந்து, படிப்பை விடுவதாகக் கடிதம் எழுதினேன், அனுப்பவில்லை.

மறுநாள் அவர் அழைத்தார். “டீச்சர், நெற்செய்கைக் கட்டுரையத் திறந்தா உங்கட விலகல் கடிதம் வருகுதே! மெய்யா விடப்போறீங்களா?”

கோப்பை மாற்றி இணைத்திருக்கிறேன். வெட்கத்தோடு “ஓம்” என்றேன்.

“அத நான் அழிச்சிட்டன். பின்னேரம் வாறன். பிள்ளைய நான் வச்சிருக்கன், நீங்க கோப்புகள இணைங்க.”

மூன்றே பின்னேரங்களில் எல்லாப் பதிவுகளின் கீழும் உரிய கட்டுரைகள் இருந்தன. அவர் மடியில் மகள் சிரித்தாள், நானும் சிரித்தேன். நான் கேட்கத் தயங்கிய உதவியை, தவறி இணைந்த ஒரு கோப்பு எனக்காகக் கேட்டுவிட்டது.