மினிட்ஸில் ஏறிய ‘உங்கட விருப்பம்’

நான் படிப்பித்த பாடத்தில் நானே பெயிலான விஷயம், ஒரு மாணவியின் அசைன்மென்டைத் திருத்தும்போதுதான் எனக்குத் தெரிய வந்தது.

சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பதினான்கு வருடம் மாஸ்டர்ஸ் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தேன். இலாப நோக்கில்லாத அமைப்புகளின் நிர்வாகக் குழு எப்படி இயங்க வேண்டும் என்பதுதான் பாடம். தலைவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, மினிட்ஸ் என்னும் கூட்டக் குறிப்பை எப்படி எழுதுவது, ஒருவர் மறுத்தால் அதை எப்படிப் பதிவு செய்வது எல்லாம் அதில் வரும். மாணவர்கள் எல்லாரும் வேலை பார்ப்பவர்கள். சனிக்கிழமை காலையில் கொட்டாவியோடு வருவார்கள். அவர்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பதே பாதி வேலை.

ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு அமைப்பின் கூட்டத்தில் உட்கார்ந்து கவனித்துவிட்டு வந்து எழுத வேண்டும் என்பது முதல் அசைன்மென்ட். ஹெலன் என்றொரு மாணவி, ஆஸ்பத்திரியில் மூத்த தாதி, “உங்கள் கூட்டத்துக்கே வரலாமா?” என்று கேட்டார். அப்போது நான் சிட்னியின் மேற்கே மெரிலேண்ட்ஸில் ஒரு தமிழ் முதியோர் பகல் நிலையத்துக்குத் தலைவராக இருந்தேன். தாராளமாக வாருங்கள் என்றேன். நல்ல தலைவர் எப்படிக் கூட்டம் நடத்துவார் என்று காட்ட எனக்கும் உள்ளூர ஆசை.

கூட்டம்

புதன்கிழமைகளில் முதியவர்கள் கூடும் மண்டபத்தை மாற்றுவதுதான் அன்றைய விஷயம். நகரின் வடமேற்கில் ஒரு புது மண்டபம் கிடைத்திருந்தது. பெரிய கார் பார்க், சமைக்க நல்ல குசினி. ரயில் மட்டும் இல்லை. அது எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை. எங்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டோம். நானும் இரண்டு வருடத்துக்கு முன் போயிருந்தேன். மனைவி சாந்தி கார் ஓட்டுவதில்லை. எங்கே போவதானாலும் நான்தான் கூட்டிப்போக வேண்டும்.

செயற்குழுவில் ஏழு பேர். கார் இல்லாதவர் யோகம் அன்ரி மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சராக இருந்தவர்.

“எல்லாருக்கும் ஓம்தானே?” என்று கேட்டேன்.

ஐந்து பேரும் தலையாட்டினார்கள்.

“அன்ரி, உங்களுக்கு?”

“நான் என்னத்தைச் சொல்ல? உங்கட விருப்பம்.”

“அப்ப சரி. சிவா, ஏகமனதாக எண்டு எழுதும்.”

செயலாளர் சிவா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அதை முதலே எழுதிப்போட்டன் அண்ணை.”

எல்லாரும் சிரித்தோம். பதினைந்து நிமிடத்தில் கூட்டத்தை முடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

கைப்பை

ஹெலனுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. உள்ளூர் கவுன்சிலுக்காக நாங்கள் எழுதும் ஆங்கில மினிட்ஸை மட்டும் கொடுத்திருந்தேன். அவர் அசைன்மென்டில் இப்படி எழுதியிருந்தார்: “ஐந்து பேர் தலையாட்டினார்கள். வயதான பெண்மணி ஏதோ சொன்னார். சொல்லிவிட்டுப் பேனையை மூடினார். கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அதன்பிறகு எதையும் பார்க்கவில்லை. மினிட்ஸில் ஏகமனதாக என்று இருக்கிறது. அவர் கடைசியாகச் சொன்ன சொற்களுக்கு அர்த்தம் என்ன?”

அடுத்த சனிக்கிழமை ஹெலனிடம் விளக்க வாயெடுத்தேன். “அஸ் யூ விஷ் என்று அர்த்தம்” என்றேன்.

“அப்படியென்றால் சம்மதமா?”

தமிழர் வீட்டில் பிறந்த எவருக்கும் தெரியும், ‘உங்கட விருப்பம்’ சம்மதமில்லை. இனி உன்னோடு கதைத்துப் பயனில்லை என்று கதவைச் சாத்துவது. மொழி தெரியாத ஹெலன் கைப்பையைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிட்டார். பாஷை தெரிந்த நான் கோட்டை விட்டேன். வெட்கமாக இருந்தது.

புது மண்டபத்துக்கு உறுதி சொல்ல இன்னும் ஒரு கிழமை அவகாசம் இருந்தது. அதற்குள் மறுபடி கூட்டத்தைக் கூட்டினேன்.

“அன்ரி, நான் அண்டைக்குச் சரியாகக் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன். ஓமோ, இல்லையோ?”

அன்ரி என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். “அண்டைக்கே சொன்னனான் தம்பி. உங்களுக்குத்தான் விளங்கேல்லை. நான் நடந்து வாறன். என்னோட இன்னும் நாலு பேர் நடந்து வருகினம். அங்கை போறதெண்டால் ரெண்டு பஸ் மாறோணும். புதன்கிழமையும் இல்லையெண்டால் நாங்கள் கதவைப் பூட்டிப்போட்டு ரீவியைப் பாத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். எழுதுங்கோ, இல்லை எண்டு.”

சிவா எழுதினான். எழுதிவிட்டு, “அப்ப நானும் இல்லை” என்றான். நானும் இன்னொருவரும் அவர்கள் பக்கம் சேர, மூன்றுக்கு நாலு என்று தீர்மானம் தோற்றது. தோற்ற மூவரில் ஒருவரும் முகத்தைச் சுழிக்கவில்லை. மண்டபம் மெரிலேண்ட்ஸிலேயே இருந்தது.

வீடு

வீட்டுக்கு வந்ததும் இதையெல்லாம் சாந்திக்குச் சொன்னேன். கொஞ்சம் வீரப்பிரதாபமாகவே சொல்லியிருப்பேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

“அப்ப உங்களுக்கு இப்பதான் அதின்ர அர்த்தம் விளங்கினது?”

“ஏன் கேக்கிறீர்?”

“இந்த வீட்டை வாங்கேக்க நான் என்ன சொன்னனான்?”

எனக்கு ஞாபகம் வந்தது. பஸ்கூட வராத இதே தெருவில் நின்று, வீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, அதே இரண்டு சொல்தான் சொன்னாள். நான் அந்த இடத்திலேயே ஏஜென்டுக்குக் கை கொடுத்தேன்.

அதற்குப் பிறகும் பல வருடம் அந்தப் பாடத்தை எடுத்தேன். ஒருவர் மறுக்கவில்லை என்பதற்காக அவர் சம்மதித்தார் என்று எழுதாதீர்கள், கேட்டு எழுதுங்கள் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். யோகம் அன்ரியின் கதையையும் சொல்வேன். அந்தப் புதன்கிழமை மண்டபத்தோடு கதையை நிறுத்திக்கொள்வேன். எங்கள் வீட்டுக் கதையை ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டு மினிட்ஸை இன்னும் திருத்தவில்லை.