சாவிப்பெட்டியை நீக்கிய மதியம்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். மௌலா அலியில் உருது கலந்த தமிழ் பேசி வளர்ந்து, அங்கேயே ரேடியோ ரிப்பேர் கடையில் ஆரம்பித்து, கம்ப்யூட்டரை நானாகவே கற்று, இன்று மாதாப்பூரில் சொந்த நிறுவனம் வைத்திருக்கிறேன். தகவலை யாரும் திருட முடியாதபடி பூட்டிவைக்கும் நிரல் தொகுப்பு எங்களுடையது. அதை முதலில் தனியாளாக எழுதியவன் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. பிறகு வந்த எம்.டெக்குகள் ஒவ்வொரு பகுதியாக மாற்றி எழுதிவிட்டார்கள். என் கையால் எழுதியதில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது: ரகசியச் சாவிகளை அடுக்கிவைக்கும் ஒரு டேட்டா ஸ்ட்ரக்சர். அதற்குச் சாவிப்பெட்டி என்று பெயர் வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு மதியம், அதை நீக்க அனுமதி கேட்டு எங்கள் கோயம்புத்தூர் இன்ஜினியர் பெண் என் அறைக்கு வந்தாள். பயன்படாத எதுவும் தொகுப்பில் இருக்கக் கூடாது என்று விதி போட்டதே நான்தான். அதற்காக எத்தனையோ பேரைக் காய்ச்சியிருக்கிறேன்.

"நக்கோ மா, வேணாம். அது இல்லாம எதுவும் ஓடாது. எம்.டெக் படிச்சது அழிக்கறதுக்கா?"

"படிச்சதுல பாதி அதுதானுங்க சார்."

லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, தொகுப்பு முழுவதிலும் அந்தப் பெயரைத் தேடினாள். ஓர் இடத்தில் அகப்பட்டது; நிரலின் ஏதோ ஒரு பகுதி அதை அழைத்துப் பயன்படுத்துகிறது.

"பாத்தியா? யாரோ கூப்பிடுறாங்கல்ல! நான் எழுதினதுன்னா சும்மாவா?"

"அது டெஸ்டுங்க சார். பெட்டி சரியா இருக்குதான்னு பாக்கறதுக்கு டெய்லி கூப்பிடுது. வேற யாரும் கூப்பிடறதில்லைங்க."

"பாஸ் ஆகுதா?"

"ஒரு நாளும் ஃபெயில் ஆனதில்லைங்க."

பெருமைப்பட்டிருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டினேன். "எடுத்துப் பாரு" என்றேன்.

பெட்டியையும் அதன் டெஸ்டையும் நீக்கிவிட்டு மொத்தத்தையும் மறுபடி ஓட்டினாள். ஒரு பிழையாவது வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் வரவில்லை.

"ஃபைல்ல இப்ப எழுதினவர்னு உங்க பேர் போட்ட கமெண்ட் வரி மட்டும்தான் இருக்குங்க சார். வச்சுக்கலாங்களா?"

விதி அவளுக்கும் தெரியும். எனக்காகக் கேட்டாள்.

"கைக்கு? எதுக்கு அது? ஃபைலையே எடுத்துடு."

அனுமதிப் பொத்தானை நானே அழுத்தினேன். வருத்தமோ கோபமோ வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் லேப்டாப்பை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை டெஸ்ட் அறிக்கை வந்தது. எல்லாம் பாஸ். டெஸ்டுகளின் எண்ணிக்கையில் மட்டும் ஒன்று குறைந்திருந்தது. பார்த்துவிட்டு அடுத்த மெயிலைத் திறந்தேன்.