திறந்த கோப்பும் திறக்காத அலுவலகமும்

குடிநீர் வாரியத்தின் கிளை அலுவலகத்தில் அவளுக்குக் கமா அக்கா என்று பெயர். யார் எழுதிக் கொடுத்த கடிதத்திலும் ஒரு காற்புள்ளி குறைந்தால், எழுதியவர் எந்த நாற்காலியில் இருந்தாலும் அங்கே போய் நின்றுவிடுவாள். இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு வேலை. கணினி வந்த நாளிலிருந்து கடிதம் அடிக்க ஒரே மென்பொருள்தான். அதைச் செய்த கம்பெனியே அதை மறந்து பதினைந்து வருடம் ஆகியிருக்கும். அலுவலகம் மறக்கவில்லை. மறப்பதற்கும் ஒரு கோப்பு போட்டு மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதால், இருப்பது இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் ஒரு சுற்றறிக்கை வந்தது. தலைப்பில் 'மிக அவசரம்' என்று இருந்தது. கமா அக்கா திறந்தாள். திரை முழுக்கக் கட்டங்கள். நடுநடுவே கேள்விக்குறிகள், இரண்டு டாலர் குறி, தலைகீழாக நின்ற ஓர் ஆச்சரியக்குறி. அவள் எழுந்து போய்க் கண்காணிப்பாளரை அழைத்து வந்தாள்.

கண்காணிப்பாளர் முப்பது வருடச் சேவையில் ஒருமுறைகூட 'தெரியாது' என்று சொன்னதில்லை. அந்தத் திறமைக்காகவே பதவி உயர்ந்தவர்.

"திறக்கல சார்" என்றாள்.

"திறந்துதானேம்மா இருக்கு? கட்டமெல்லாம் தெரியுதே!"

"எழுத்து தெரியல சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கட்டங்களை இடமிருந்து வலமாக, வரி வரியாகப் படித்தார். "உயர்மட்ட விஷயம் போல இருக்கு. பிரிண்ட் எடுத்து ஃபைல்ல போடு."

நாற்பத்தொரு பக்கம் வந்தது. எல்லாப் பக்கத்திலும் சுருக்கொப்பம் இட்டார். பதினேழாம் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்து, ஒரு கட்டத்துக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டார். ஏன் என்று கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. பிறகு அவர் பதில் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள்: 'தங்கள் சுற்றறிக்கை கிடைக்கப்பெற்றது. அதன்படி நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.'

அடுத்த மூன்று வாரத்தில் அதே மாதிரி ஐந்து வந்தன. ஐந்துக்கும் நடவடிக்கை எடுக்கப்பட்டது.

ஊருக்கே நல்ல தண்ணீர் கொடுக்கும் அலுவலகத்தில் இது யாருக்கும் தொண்டையில் சிக்கவில்லை. கமா அக்காவுக்குச் சிக்கியது. ஒரு புள்ளி தவறினால் பொறுக்காதவளுக்கு ஒரு கடிதமே தவறினால் சோறு இறங்குமா? மதிய இடைவேளையில் ஆறு கோப்புகளையும் வரிசையாகத் திறந்து பார்த்தாள். ஆறிலும் முதல் இரண்டு எழுத்து மட்டும் ஒன்றாக இருந்தது. பி, கே என்று இரண்டு ஆங்கில எழுத்து. எங்கேயோ பார்த்த முகம்.

டீ ஆறும்வரை யோசித்தாள். பல வருடத்துக்கு முன் வரைபடப் பிரிவிலிருந்து படங்களைச் சுருக்கி, மூட்டை கட்டி ஒரே கோப்பாக அனுப்புவார்கள். அந்த மூட்டையை அவிழ்க்காமலே ஒருமுறை கை தவறித் திறந்தபோதும் இதே பி, கே. அப்படியென்றால் இதுவும் மூட்டைதான்!

கோப்பின் பெயருக்குப் பின்னால் இருந்த மூன்றெழுத்தை அழித்துவிட்டு 'ஜிப்' என்று அடித்தாள். பெயரை மாற்றினால் கோப்பு பாழாகலாம் என்று கணினி எச்சரித்தது. பாழாக இனி என்ன மிச்சம் என்று சரி கொடுத்தாள். மூட்டை அவிழ்ந்தது. உள்ளே சின்னச் சின்னதாகப் பல கோப்புகள். அதில் ஒன்றைத் திறந்தால் அடைப்புக்குறிக் காட்டுக்குள் நல்ல எழுத்து தெரிந்தது. முறத்தில் கல் பொறுக்குவது போலக் குறிகளைத் தள்ளித் தள்ளிப் படித்தாள்.

முதல் சுற்றறிக்கை சொன்னது இதுதான்: 'இனி எல்லாக் கடிதங்களும் திறந்த ஆவண வடிவில்தான் இருக்க வேண்டும். இதை எல்லோராலும் எளிதில் திறக்க முடியும்.' மூன்றாவது: 'திறக்க இயலாத கிளைகள் பதினைந்தாம் தேதிக்குள் தெரிவித்தால் புதிய மென்பொருள் இலவசமாக நிறுவித் தரப்படும்.' பதினைந்து போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஆறாவதைப் படித்தபோதுதான் அவளுக்கு வியர்த்தது. 'முதலில் பதில் அனுப்பிய கிளை என்பதால் தங்கள் கிளை முன்மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. புதிய வடிவுக்கு மாறிய அனுபவம் குறித்துக் கண்காணிப்பாளர் வரும் வியாழக்கிழமை உரையாற்ற வேண்டும்.'

அவளோ இத்தனை நாளும் பழைய வடிவில்தான் பதில் அனுப்பிக்கொண்டிருந்தாள். தலைமை அலுவலகத்தில் இருந்த புது மென்பொருள் பழையதையும் பேசாமல் திறந்து காட்டியதால் யாரும் கவனிக்கவில்லை. வாங்குகிற பக்கம் பெரிய மனசாக இருந்தால் கொடுக்கிற பக்கத்தின் குறை தெரியாதுதானே.

விஷயத்தைக் கேட்டதும் கண்காணிப்பாளருக்கு அந்த இடத்திலேயே முதுகு பிடித்துக்கொண்டது. வியாழன்வரை விடாது என்றும் அவரே சொல்லிவிட்டார். "நீயே போயிட்டு வந்திடும்மா. சிறப்பா நடக்குதுன்னு நாலு வார்த்தை சொல்லு."

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்.

"என்னங்க, பொய் சொல்லவா, உண்மை சொல்லவா?"

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா யாரா இருந்தாலும் கதவைத் தட்டுவாங்க. உங்க ஆபீஸ்காரங்கதான் உள்ள இருந்துக்கிட்டே 'லிஃப்ட் நல்லா ஓடுது'ன்னு சீட்டு எழுதி இடுக்கு வழியா தள்ளுவாங்க" என்றார். "நீ தட்டிப் பாரேன்."

வியாழக்கிழமை. தலைமை அலுவலக மண்டபத்தில் மற்ற பதினெட்டுக் கிளைகளின் கண்காணிப்பாளர்கள். ஒலிவாங்கி முன் போய் நின்றாள். எழுதி வந்த தாளை மடித்தாள்.

"மாறிய அனுபவத்தைச் சொல்லச் சொன்னீங்க. நாங்க மாறல. அந்தச் சுற்றறிக்கையை எங்களால திறக்கவே முடியல."

முன்வரிசையில் இருந்த வாரிய இயக்குநர் நிமிர்ந்தார். "நடவடிக்கை எடுக்கறோம்னு பதில் போட்டீங்களேம்மா?"

"பதில் போட்டதுதான் சார் நடவடிக்கை."

ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். இயக்குநர் மண்டபத்தைப் பார்த்தார். "சரி, மத்தவங்கள்ல எத்தனை பேர் திறந்தீங்க?"

பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது: "கட்டத்தை எல்லாம் பிரிண்ட் எடுத்ததுல எங்களுக்கு இங்க் தீர்ந்துபோச்சு சார்."

பத்தொன்பது கிளையும் படிக்கவில்லை. பத்தொன்பது கிளையும் நடவடிக்கை எடுத்திருந்தது. கமா அக்காவுக்குப் பயம் போய், கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. தான் மட்டும்தான் முட்டாள் என்று நினைத்து மூன்று நாள் தூங்காமல் இருந்தாளே!

இரண்டு வாரத்தில் புது மென்பொருள் வந்தது. கண்காணிப்பாளரின் முதுகு வெள்ளிக்கிழமையே நிமிர்ந்திருந்தது. "உண்மையைச் சொல்லணும்னுதான் உன்னை அனுப்பினேன்" என்று எல்லோரிடமும் சொன்னார். பாராட்டுக் கடிதமும் அவர் பெயருக்கே வந்தது.

அவளுக்கு வந்தது வேலை. பழைய படிவங்களைப் புதியதில் திறந்தால் அட்டவணைகள் கோணிக்கொண்டு நின்றன. புது இணைப்பு விண்ணப்பத்தில் கையெழுத்து இடம் தனியே அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. மக்கள் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், கவுன்ட்டரில் வாங்கியும் கொண்டார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு படிவம். ஒவ்வொன்றாக இழுத்துப் பிடித்து நேராக்கினாள். நாலு மாதம் ஆயிற்று. "முன்னாடி இருந்ததே தேவல" என்று நாலு மாதமும் காதில் விழுந்தது.

கடைசிப் படிவத்தை முடித்த அன்று பத்து நாள் விடுப்புக் கேட்டு எழுதி நீட்டினாள். கண்காணிப்பாளர் பதறினார்.

"நீ போயிட்டா கடிதமெல்லாம் யாரும்மா திறக்கறது?"

"இப்ப தொட்டாலே திறக்குது சார். படிக்கறதுதான் நீங்க பண்ணணும்."

அவர் பேனாவைத் தேடுவது போல மேசையைத் துழாவினார். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, விடுப்புக் கடிதத்தை ஒருமுறை படித்துவிட்டே கையெழுத்திட்டார். கமா அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு நாலு மணிப் பேருந்துக்கு நடந்தாள்.