ஹிருத்தின் மிஷினில் வைத்த பொட்டு

முதலிபாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு எல்லோரும் வருவோம், லைன் சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் மட்டும் வரமாட்டான். ஆனால் மறுநாள் காலையில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும் முன்பே வந்து நிற்பான். எண்பது தையல் மிஷினிலும் வைத்த குங்குமத்தை அவனே வேஸ்ட் துணியால் துடைப்பான். இது அவன் வேலையா? டெய்லர்கள் அவரவர் மிஷினைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். திருப்பூரில் அதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஆப்பிரிக்கா போய் வந்ததில் ஒரு நட்டு கழன்றுவிட்டது என்று பேக்கிங்கில் இருக்கும் நாங்கள் சிரிப்போம். போன வருஷம் டீக்கடையில் அவன் வாயைத் திறந்த பிறகு நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

2019-இல் எங்கள் முதலாளி எத்தியோப்பியாவில் ஒரு யூனிட் போட்டார். அங்கே தைத்து அனுப்பினால் அமெரிக்காவில் வரி கிடையாது. நம் நாட்டு அதிகாரியும் அந்த நாட்டு அதிகாரியும் கைகுலுக்கிய படம் எங்கள் ஆபீஸ் சுவரில் இன்னும் தொங்குகிறது. லைனை ஓட்ட மகுடேஸ்வரனை அனுப்பினார்கள்.

அவன் லைனில் ஹிருத் என்று ஒரு பெண். தையல் அவ்வளவு சுத்தம். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டார்கள்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அங்கே பொரி ஏது, வாழைக்கன்று ஏது? ஊரிலிருந்து கொண்டுபோன குங்குமம் மட்டும் இருந்தது. எல்லா மிஷினுக்கும் வைத்தால் யாராவது கேள்வி கேட்பார்கள் என்று, ஷிப்ட் முடிந்ததும் ஒரே ஒரு மிஷினுக்கு வைத்தான். கைராசிக்காரி என்று ஹிருத்தின் மிஷினுக்கே வைத்தான். காலையில் துடைத்துக்கொள்வாள் என்று அறைக்குப் போய்விட்டான், என்னமோ அவள் அவிநாசியில் பிறந்தவள் மாதிரி.

மறுநாள் ஓடியது வெள்ளைக் குழந்தை உடுப்பு. மதியம் சரக்கு வாங்கும் பையர் அனுப்பிய ஆள் செக் பண்ண வந்தபோது பீஸ் பீஸாகச் சிவப்புக் கறை. அவள் விரலிலும் சிவப்பு. கையில் சாயம் பூசிக்கொண்டு வந்தாள் என்று அந்த நிமிஷமே வேலையை விட்டு நிறுத்தினார்கள். பத்தடி தள்ளி நின்ற மகுடேஸ்வரன் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் தன்னை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று பயம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தானாம். சொல்லவே இல்லை, கோழைப் பயல். அவன் இடத்தில் நானும் அதையேதான் செய்திருப்பேன் என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

2022-இல் அமெரிக்கா அந்த நாட்டுக்குக் கொடுத்த வரிச்சலுகையை எடுத்துவிட்டது. அந்த வருஷமே யூனிட்டை மூடி, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன்.

"உடு மகுடு. எப்படியும் அந்தப் புள்ளைக்கு வேலை போயிருக்கும்."

"ரெண்டு வருசம் முன்னாலயே போச்சுங்க சுப்பண்ணா. அஞ்சு பேருக்கு ரெண்டு வருசச் சோறுங்க அது."

டீயை அவன் தொடவே இல்லை.

"அது என்ன சிவப்புன்னே அவளுக்குத் தெரியாதுங்கண்ணா. கையைப் பாத்தா. அப்புறம் என்னையப் பாத்தா. நான் ஏதாச்சும் சொல்லுவேன்னு நின்னுட்டே இருந்தாளுங்க."