மாடுகளுக்குத் தெரிந்த ஹாரன்

ஆர்லிஸ் ஃபோகல் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று சொன்னால் கொடுத்துவிடுவாள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணல்மேட்டுப் புல்வெளிக்குக் கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் அப்படித்தான். போன குளிர்காலம் முழுக்க அவளுடைய தங்கையைப் புற்றுநோய் வைத்தியத்துக்குப் பட்டணம் அழைத்துப்போய், திரும்பக் கொண்டுவந்து விட்டவர்கள் ஒரு தர்ம சங்கத்தார். தங்கை பிழைத்துக்கொண்டாள். அந்தச் சங்கத்துக்குத் தன் பழைய பச்சை பிக்கப் வண்டியைத் தருவதாக ஆர்லிஸ் வாக்குக் கொடுத்திருந்தாள். எஞ்சின் படுத்துவிட்ட வண்டிதான். ஆனாலும் உதிரி உதிரியாக விற்றால் இன்னும் சில நோயாளிகளை ஏற்றி இறக்கப் பெட்ரோலுக்கு ஆகும் அல்லவா?

அவள் புருஷன் டெல்மருக்கு மனமில்லை. இடுப்பெலும்பு அறுவை முடிந்து, நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சுற்றிவரும் மனிதர்.

“குடுக்கிறதுன்னா என் புது வண்டியக் குடு. அந்தப் பழசத்தான் மாடுங்க பெத்த தாயின்னு நெனச்சுக்கிட்டிருக்கு” என்றார்.

“உனக்குப் பிரிய மனசில்ல. மாட்டு மேல ஏன் பழி போடுற?”

வண்டியை எடுத்துப்போகச் சங்கத்தின் ஆள் வருவதாகச் சொன்ன நாளில்தான் அந்தப் புயல் வந்தது. ஏப்ரல் மாதப் பனிப்புயலை யாரும் நம்பக்கூடாது. ராத்திரி வரும் என்று ரேடியோ சொன்னது மத்தியானமே வந்து நின்றது. கன்று ஈன்ற மாடுகள் எல்லாம் தெற்குப் புல்வெளியில் இருந்தன. புயலடித்தால் மாடு காற்றுக்கு முதுகைக் காட்டி நடக்க ஆரம்பிக்கும். ஆரம்பித்தால் நிற்காது. வடக்கிலிருந்து காற்று. தெற்கே ஏரி. ஏரியின் மேல் உளுத்துப்போன வசந்தகாலப் பனிக்கட்டி, ஒரு நாயைக்கூடத் தாங்காது. ஆர்லிஸுக்கும் டெல்மருக்கும் சொத்து என்றால் அந்த மாடுகள்தான்.

புது வண்டியில் தீவனக்கட்டி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆர்லிஸ் மேட்டுக்கு விரைந்தாள். ஹாரனை அழுத்தினாள். ‘கீக்’ என்றது, வாத்துக்குஞ்சு மாதிரி. கீழே மாடுகள் கூட்டமாக நகர்ந்துகொண்டிருந்தன, ஒன்றும் தலையைத் தூக்கவில்லை. சுற்றிப்போய் ஏரிப்பக்கமிருந்து மறிக்கலாமென்றால் சரிவு முழுக்கப் பனி. இறங்கினால் ஏற முடியாது. இன்னும் மூன்று தரம் அழுத்திப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினாள். டெல்மர் சொன்னது நெஞ்சில் குத்தியது. குளிர்காலம் தோறும் தீவனம் வந்தது அந்தப் பச்சை வண்டியில். அது போட்ட சத்தம்தான் மாடுகளுக்குச் சாப்பாட்டு மணி.

வீட்டு முற்றத்தில் பச்சை வண்டி இல்லை. தர்ம சங்கத்தின் லாரி முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது.

லாரி ஓட்டி வந்தவன் கிப் என்ற முப்பது வயதுப் பையன், வட்ட முகம். “சங்கிலி போட்டாச்சும்மா. புயல் முத்துறதுக்குள்ள நான் கெளம்பணும்.”

“கெளம்பு தம்பி. ஆனா தெக்கால போ.”

“ரோடு வடக்கால இல்ல இருக்கு?”

“என் மாடுங்க தெக்கால இருக்கு. ஏரியில எறங்கப் போவுது. இந்த வண்டி ஹாரனுக்குத்தான் அதுங்க திரும்பும்.”

கிப் லாரியைப் பார்த்தான், மேட்டைப் பார்த்தான். “மணல்ல பொதைஞ்சா சங்கத்துல என் தோலை உரிச்சிருவாங்கம்மா.”

“பொதையாது. மண்ணு இன்னும் உறைஞ்சு கெடக்கு. பொதைஞ்சா நான் டிராக்டர் கட்டி இழுக்கிறேன். ஏன் நிக்கிற? என் வண்டியில இருக்கிற தீவன மூட்டையத் தூக்கி லாரியில போடு.”

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் லாரி மேல் ஏறிப் பச்சை வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். இனி அவளை இறக்கப் பத்துப் பேர் வேண்டும்.

லாரி ஆடி ஆடி மேட்டில் ஏறியது. மேலே வண்டிக்குள் ஆர்லிஸ், பழைய ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, எதையும் ஓட்டாமல். உச்சியில் நின்றார்கள். அவள் அழுத்தினாள். ‘க்ர்ர்’ என்று ஒரு முனகல். பேட்டரி செத்துக் கிடந்தது. கீழே முன்னால் போன மாட்டுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு முள்கம்பி வேலிதான் இருந்தது. அதுவும் பாதி பனிக்குள்.

“தம்பி, உன் பேட்டரியிலேருந்து கரண்டு குடு, சீக்கிரம்.”

கிப் பேட்டரி இணைப்புக் கம்பிகளை எடுத்துக்கொண்டு பனியில் சறுக்கி விழுந்து எழுந்து வந்தான். விரல் மரத்துப்போய்க் கம்பிமுனைக் கவ்வி இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் கவ்வியது. ஆர்லிஸ் முழங்கையால் அழுத்தினாள்.

பூம்ம்ம் என்று எழுந்தது அந்தச் சத்தம். காற்று அதை வாரிக்கொண்டு தெற்கே போனது. விடாமல் அழுத்தினாள். கிப் தீவனக்கட்டியைப் பனி மேல் கொட்டினான். கூப்பிட்டுவிட்டுப் போடாமல் போனால் மாடு மறுமுறை நம்பாது.

முதலில் திரும்பியது காது கிழிந்த கிழட்டுப் பசு. அது நின்றது. பனியில் தலையை உதறியது. பிறகு அது முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து மேடேறத் தொடங்கியது, பின்னால் ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. லாரி மெல்ல வடக்கே ஊர, ஹாரன் அலற, சீடர் மரத் தோப்பின் மறைவு வரை மொத்தக் கூட்டமும் வந்து சேர்ந்தது. ஒரு கன்று மட்டும் வரவில்லை. அதன் தாய் விடியும்வரை கத்திக்கொண்டிருந்தது.

கிப் அன்றிரவு அவர்கள் வீட்டில் தங்கினான். டெல்மர் மாட்டுக்கறிச் சூப்பை அவன் பக்கம் தள்ளிவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தார். “நான் சொன்னேனா இல்லையா?”

“சொன்ன. சாப்பிடு.”

“அப்ப வண்டிய நீங்களே வச்சுக்குங்கம்மா” என்றான் கிப். “நான் சங்கத்துல சொல்லிக்கிறேன்.”

“என் தங்கச்சிய நடுவழியில எறக்கி விட்டீங்களா? இல்லல்ல. குடுத்தது குடுத்ததுதான்.”

காலையில் புயல் ஓய்ந்திருந்தது. கிப் வெளியே வந்தபோது ஆர்லிஸ் கையில் ஸ்பானரோடு லாரி மேல் நின்றாள்.

“இது இப்ப உங்க சங்கத்துச் சொத்து. அதனால கேக்குறேன். இந்த ஹாரன நான் எடுத்துக்கிறேன், புது வண்டி ஹாரன இதுல மாட்டித் தர்றேன். சம்மதமா?”

“அந்த வாத்துக்குஞ்சையா?”

“புதுசு தம்பி அது. உங்களுக்குத்தான் லாபம்.”

“என் வண்டியப் பிரிச்சு எடுக்கிறா, என்னை ஒரு வார்த்தை கேக்கல” என்றார் டெல்மர் வாசலிலிருந்து.

லாரி வடக்குச் சாலையில் மறைந்ததும் ஆர்லிஸ் பழைய ஹாரன் மாட்டிய புது வண்டியை ஓட்டிக்கொண்டு தோப்போரம் போய் நின்றாள். கை ஹாரன் மேல் இருந்தது. அழுத்த மனம் துணியவில்லை. பிறகு அழுத்தினாள். காது கிழிந்த பசு வண்டியை ஏற இறங்கப் பார்த்தது. இன்னொரு முறை அழுத்தினாள்.

பசு வந்தது.