பெர்லில் கட்டிய தோணி

நான் வேலை பார்த்த சரக்கு ஏற்றுமதி ஆபீஸ் துறைமுகச் சாலையில் இருந்தது. கம்ப்யூட்டர் பிரிவில் இரண்டே பேர்: நானும், என்னை அண்ணே என்று கூப்பிடும் ஒரு தங்கச்சியும். இரண்டு பேருக்கு அங்கே வேலையில்லை, ஒருவரை அனுப்பிவிடலாம் என்று முதலாளி அண்ணாச்சி வாய்விட்டே சொல்லியிருந்தார். போகிற ஆள் நானாக இருக்கக் கூடாது. அதற்காக நான் ஆடிய கூத்துதான் இது.

எந்தக் கன்டெய்னர் எந்தக் கப்பலுக்கு என்று பிரித்துப் பட்டியல் போடும் சின்னப் புரோகிராம் ஒன்றைப் பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தேன். இருபது வரி. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். அதுதானே ஆபத்து! பெர்லில் ஒரு வசதி உண்டு. நடுநடுவே எத்தனை இடைவெளி விட்டாலும் கோபித்துக்கொள்ளாது. டாலரும் சாய்கோடும் அடைப்புக்குறியுமாகச் சுருக்கி எழுதினால் ஒரு பயலுக்கும் விளங்காது. உலகமெங்கும் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். நான் பிழைப்புக்காகச் செய்தேன். ஒரு வாரம் மல்லுக்கட்டி, அந்த இருபது வரியைப் பாய்மரத் தோணி வடிவத்தில் அடுக்கினேன். ஓட்டினால் பட்டியலும் வந்தது. அண்ணாச்சி அசந்துபோய், அச்செடுத்துச் சுவரில் ஒட்டச் சொன்னார். வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம பய கட்டுன தோணி" என்று காட்டினார். இனி என்னை யார் அசைக்க முடியும்?

தங்கச்சிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அவள் அப்பா மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி ஓட்டும் தண்டல்.

"அண்ணே, பாய்மரம் பின்னால சாஞ்சிருக்கு. இதுல ஏறுனா மாலத்தீவு என்ன, இந்தா கண்ணுக்கெட்டுன தூரத்துல இருக்க முயல்தீவுக்குக் கூடப் போய்ச் சேர மாட்டிய."

"நீ தோணியப் பாக்காத, புரோகிராமப் பாரு."

"பாத்தா வெளங்கவா செய்யுது?"

அதைக் கேட்க எனக்கு எவ்வளவு குளிர்ச்சி!

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மத்தியானம் புரோகிராமை ஓட்டினேன். வெறுந்தாள் வந்தது. பிழை என்றுகூடச் சொல்லவில்லை. நாலு மணிக்குள் பட்டியல் போகாவிட்டால் அன்றைய கன்டெய்னர் பெட்டிகள் எல்லாம் கப்பலைத் தவறவிடும். அண்ணாச்சி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் எழுதியதை நானே வாசித்தேன். சத்தியமாக ஒன்றும் விளங்கவில்லை.

"ஏலே, நீ எழுதுனதுதான?"

"ஆமா அண்ணாச்சி."

"பொறவு என்ன முழிக்க?"

மறுபடியும் முதல் வரியிலிருந்து விரல் வைத்து வாசித்தேன். மூன்றரை மணிக்குத் தங்கச்சி எழுந்து வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணாச்சி, அண்ணன் மேல தப்பில்ல. சொவத்துல உள்ளது மங்கிட்டுன்னு, திருவிழாவுக்குப் புதுசா ஒட்ட காலையில அச்செடுத்தேன். மரம் சாஞ்சிருக்கது கண்ண உறுத்துச்சு. கம்ப்யூட்டர்லயே நிமித்தி வச்சிட்டேன். எடம் தள்ளுனா ஒண்ணும் ஆவாதுன்னு அண்ணன்தான் சொன்னாவ."

சொல்லியிருந்தேன்தான். மேற்கோள் குறிக்குள் விழுகிற இடைவெளி மட்டும் ஆளைக் கவிழ்த்துவிடும் என்பதைச் சொல்லவில்லை. கப்பல் பெயரைத் தேடும் மேற்கோள் அந்த மரத்தில்தான் இருந்தது. மரத்தைப் பழையபடி சாய்த்தேன். பட்டியல் வந்துவிட்டது, பெட்டிகளும் தப்பித்தன.

பாவம், வேலை போகும் என்று தெரிந்தும் வாயைத் திறந்தாள். எனக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணாச்சி அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. என்னைப் பார்த்துத்தான், "எழுதுனவனுக்கே வெளங்காதத வச்சு யாவாரம் பண்ண முடியுமால? எல்லாருக்கும் வெளங்குத மாதிரி எழுதிக் குடு" என்றார். பழைய இருபது வரியை எடுத்து, வரிக்கு வரி விளக்கமும் என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். தங்கச்சி அதை இரண்டு நாளில் படித்துக்கொண்டாள். மூன்றாம் நாள், என்னைக் கேட்காமலே அதில் ஒரு திருத்தம் செய்தாள். நன்றாகவே செய்திருந்தாள்.

மாசக் கடைசியில் அண்ணாச்சி கூப்பிட்டு, கணக்கு முடித்து அனுப்பியது என்னைத்தான்.