பப்பாளியும் ட்யூப்லைட்டும்

நாச்சியம்மாளை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. கோபம் அவள் மேல் அல்ல. விசைத்தறித் துணியைச் சோதித்து அனுப்பும் எங்கள் சூலூர் கம்பெனியில் அவளுக்குப் பதினான்கு வருடம். துணி மேசை மேல் ஓட ஓட, இழை விட்டுப்போன இடத்தில் விரலை வைத்துவிடுவாள். வீட்டில் உலை கொதிப்பதும் மகள் நர்சிங் படிப்பதும் அந்தக் கண்ணால்தான்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், வீட்டு மரத்துப் பப்பாளியை அரிந்து எங்களுக்குக் கொடுத்தாள். சின்ன வயதில் தங்கைக்கு மாலைக்கண் வந்தபோது, பப்பாளியும் முருங்கைக்கீரையுமாகக் கொடுத்தே அம்மா தேற்றினாளாம். அந்தப் பக்கம் வந்த முதலாளி கிருபாசங்கர் காதில் அது விழுந்து தொலைத்தது.

மேசைக்கு மேலிருந்த இரண்டு ட்யூப்லைட்டும் செத்து அப்போதே ஒரு மாதம். "ஏனுங்க, லைட்டு மாத்திக் குடுங்க" என்று கேட்டுக் கேட்டு எங்கள் வாய்தான் வலித்தது. லைட்டு வரவில்லை. திங்கட்கிழமைதோறும் ஒரு பெட்டி பப்பாளி வந்தது. "கண்ணுக்கு நல்லது, சாப்புடுங்க அம்மணி" என்று வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டார். வெட்கங்கெட்டு நாங்களும் பல்லைக் காட்டினோம். நாச்சியம்மாள் துணியில் நெற்றி படக் குனிந்து பார்ப்பாள். சாயங்காலம் பஸ்ஸில் கண்ணில் நீர் வடிய உட்கார்ந்திருப்பாள்.

மூன்று மாதம் இப்படிப் போனது. பிறகு திருப்பூரிலிருந்து ஒரு கட்டுத் துணி திரும்பி வந்தது. ஒன்பது இடத்தில் பழுது.

"உங்களுக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க அம்மணி. நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார் கிருபாசங்கர். வயிற்றில் அடிக்கும்போதும் 'ங்க' போட மறக்கவில்லை, பெரிய மனுசன்.

நாச்சியம்மாள் அந்தத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போனாள். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம், அவரும் வந்தார். தரையில் விரித்துச் சாக்பீஸால் ஒவ்வொரு பழுதாகச் சுழித்தாள். ஒன்பதும் வந்தன. திருப்பூர்க்காரர்கள் பார்க்காமல் விட்ட இரண்டும் வந்தன.

பிறகு உள்ளே போய், அந்த வாரப் பெட்டியிலிருந்து பெரிய பப்பாளியாக ஒன்றை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

"பழம் கண்ணுக்கு நல்லதுதானுங்க, நான் சொன்னது பொய்யில்லீங்க. இருட்டுக்கு எந்தப் பழமுங்க மருந்து? தலைக்கு மேல லைட்டு செத்து நாலு மாசம் ஆச்சு, அது உங்க கண்ணுக்குத் தெரியவே இல்லீங்களே. இந்தாங்க, நீங்க சாப்புடுங்க."